மடியில் விட்டு வைத்த கல்

பிப்ரவரி 6

நாத்தனாருக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நாம் இருவரும் இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அண்ணன் செதுக்கிய பளிங்குச் சிலையை நகரக் கலைக்கூடத்தில் மாடியிலிருந்து கீழே புதுக் கூடத்துக்கு இறக்கினார்கள். இறக்கும்போது மரப்பெட்டியின் மூலை இடித்து, மடியில் இருக்கும் இடது கையின் சுண்டுவிரல் போய்விட்டது. துண்டாக விழுந்திருந்தால் ஒட்டியிருப்பார்களாம். அது நொறுங்கிப் பொடியாகிவிட்டது. காப்பாட்சியர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நான் மயங்கி விழுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, மேஜையில் தண்ணீரெல்லாம் தயாராக இருந்தது. நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, சரி, இப்போது என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன்.

உடைந்த சிலைகளைச் சரிசெய்யும் ஒரு பெண்ணை வரவழைத்திருக்கிறார்கள். நான் அவளைக் கல் வைத்தியர் என்று கூப்பிடுகிறேன், அவளுக்கும் அது பிடித்திருக்கிறது. அவள் புது விரல் செய்ய வேண்டும். பழைய புகைப்படங்களில் எல்லாம் முகம்தான் விழுந்திருக்கிறது, மடி இருட்டாக இருக்கிறது. அதனால் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க கைதானேம்மா இது? ஒரு தடவை அச்சு எடுத்துக்கிட்டா போதும். வயசானதுக்குத் தகுந்தாப்ல நான் குறைச்சுக்கிறேன்" என்றாள்.

பலகையில் இத்தனை காலமும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. "காத்திருக்கும் பெண். சிற்பியின் மனைவி அமர்ந்து செதுக்கப்பட்டது." முகம் என்னுடையது. கை உன்னுடையது. இது தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது நீயும் நானும்தான்.

எனக்குச் சளி பிடித்திருக்கிறது, பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த மாதக் கடைசி வரை பொறுப்பார்கள். உனக்குச் சொல்லாமல் செய்தேன் என்ற பேச்சு பிற்பாடு வரக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி


பிப்ரவரி 13

அண்ணிக்கு வணக்கம்.

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன், சாவதற்கு நமக்குள் இனி யார் இருக்கிறார்கள்? அண்ணன் இறந்த செய்தியே எனக்கு உங்கள் அடுத்த வீட்டுக்காரர் மூலமாகத்தான் வந்தது. வந்து கடைசி வரிசையில் நின்றேன். உங்கள் வீட்டில் கை நனைக்காமல் அடுத்த ரயிலில் திரும்பினேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

விரல் விஷயமாக என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, கேட்கவில்லை, தெரிவித்திருக்கிறீர்கள். உங்கள் விரலையே கொடுங்கள் அண்ணி. முகம் உங்களுடையது, பலகை உங்களுடையது, அண்ணனும் உங்களுடையவர். ஒரு சுண்டுவிரல்தான் என் பேரில் இருந்தது. அதுவும் ஒரு மரப்பெட்டிக்குப் பொறுக்கவில்லை.

என்னிடம் அச்சு எடுக்கலாம் என்று யாருக்காவது யோசனை வந்தால் அதுவும் நடக்காது. தையல் மெஷினோடு வாழ்ந்த கை இது. வாதம் வந்து இப்போது பத்து விரலும் பத்துத் திசையைப் பார்க்கின்றன. அந்தக் காலத்தில் என் கையில் கோணல் விரல் ஒன்றுதான் இருந்தது. இப்போது எது அந்த விரல் என்று நானே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால் நிம்மதியாகக் கையை நீட்டுங்கள். நீங்கள் ஆசைப்பட்டதுதான் நடக்கப் போகிறது. சளிக்கு வெந்நீர் குடியுங்கள்.

குருவி

(அண்ணன் வைத்த பெயர். அவர் போன பிறகு யாரும் கூப்பிடுவதில்லை. நானாவது எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.)


பிப்ரவரி 19

குருவிக்கு,

பொறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு எது பொறுக்கவில்லை என்று இன்றைக்கு உடைத்தே எழுதிவிடுகிறேன். மூடி மூடி வைத்து நமக்கும் வயதாகிவிட்டது.

நான் முழுகாமல் இருந்தபோதுதான் உன் அண்ணன் அந்தக் கல்லைத் தொட்டார். பட்டறை ஜன்னலோரம் முக்காலி போட்டு என்னை உட்கார வைப்பார். எனக்கோ நாள் பூராவும் அசதி, கன்னத்தில் கையை முட்டுக்கொடுத்துத் தூங்கி வழிவேன். அதையே செதுக்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துவிட்டு "பல்வலிக்காரி" என்று சிரிக்கிறார்களே, அந்தப் பல்வலி உன் அண்ணன் கொடுத்தது.

முகம் முடிந்தது, தோள் முடிந்தது. மடியில் மட்டும் ஒரு கட்டிக் கல்லை அப்படியே விட்டு வைத்தார். இது என்ன என்று கேட்டேன். "பிள்ளை பொறக்கட்டும், பாத்துட்டுச் செதுக்கறேன். பாக்காததை எனக்குச் செதுக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார். அந்தக் கட்டிக் கல்லை நான் தினமும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன். வயிற்றைத் தடவுகிற மாதிரியேதான் அதையும் தடவுவேன்.

பிள்ளை பிறந்தது, அழவில்லை. பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த நீதான் அதைத் துணியில் சுற்றினாய். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டி வலித்துக்கொண்டிருந்தது. படுத்திருக்கிறேன், பட்டறையிலிருந்து உளிச் சத்தம் கேட்கிறது. டொக், டொக், டொக். பிள்ளையைப் புதைத்த கையில் மண் காயவில்லை, அந்த மனுஷன் வேலைக்குப் போய்விட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் படுத்திருக்க என்னால் முடியவில்லை. அம்மா வீட்டுக்குப் போனேன். ஒரு வருஷம் திரும்பவில்லை.

திரும்பி வந்தபோது சிலை முடிந்திருந்தது. மடியில் அந்தக் கல் இல்லை. அந்த இடத்தில் ஒரு கை இருந்தது, சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் துருத்திக்கொண்டு. உன் கை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் பிள்ளைக்கு விட்டு வைத்த கல்லில் உன் கையைச் செதுக்க விட்டு உட்கார்ந்திருந்தாய். இதை அன்றைக்கும் சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன்.

அவரிடம் ஒன்றுதான் கேட்டேன், இந்த வீட்டில் அது இருக்க வேண்டுமா நான் இருக்க வேண்டுமா என்று. மறுநாளே வண்டி பிடித்து நகராட்சிக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் அதைத் தண்ணீர் வரி கட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டார்கள். காத்திருக்கும் பெண்ணுக்குப் பொருத்தமான இடம்தான். வரிசையில் நிற்கிறவர்கள் கை ஊன்றி ஊன்றி அவள் முழங்கால் பளபளவென்று ஆனது. மழைக்காலத்தில் அந்தத் துருத்திய விரலில் குடையை மாட்டுவார்கள். பிறகு யாரோ விஷயம் தெரிந்தவர் பார்த்துக் கலைக்கூடத்துக்கு மாற்றினார். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

என் விரலையே கொடுக்கப் போகிறேன். இப்போது உனக்குக் காரணமும் தெரியும்.

அண்ணி


பிப்ரவரி 25

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபத்தில் படித்தேன், பிறகு கோபமில்லாமல் படித்தேன். ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மூன்றாம் நாள் நீங்கள் கேட்டது செதுக்குகிற சத்தம் இல்லை அண்ணி.

நான் பட்டறையில் அவர் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் மடியிலிருந்த கட்டிக் கல்லை எடுத்துக்கொண்டிருந்தார். அடித்து உடைக்கவில்லை. அதன் அடியில் வரிசையாகத் துளை போட்டு, துளைக்குத் துளை சின்ன ஆப்பு வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு தட்டுத் தட்டி, மறுபடி முதலிலிருந்து தட்டிக்கொண்டு வந்தார். நான் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினேன். "ஒடையாம வரணும் குருவி, ஒடையாம வரணும்" என்று வாய் ஓயாமல் சொன்னார். மத்தியானம் போல ஒரு சின்னத் தலையணை அளவுக்கு முழுசாக விட்டு வந்தது. தன் சட்டையைக் கழற்றி அதில் சுற்றினார். மார்போடு தூக்கிக்கொண்டு நடந்தே இடுகாட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

பிள்ளையின் தலைமாட்டில் இருக்கும் வெள்ளைக் கல் யார் வைத்தது என்று இத்தனை காலமாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? குழி வெட்டுகிறவர் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டார் என்றா?

ஒரு பெயராவது, ஒரு பூவாவது செதுக்கேன் அண்ணா என்று கேட்டேன். "நான் பாத்தது பத்தல. பத்தாததை வச்சுக்கிட்டு அதை எப்படிச் செதுக்கறது?" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

நீங்கள் திரும்பி வந்த அன்று இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உன் மூச்சுக் காத்துகூட இந்த வீட்ல படக்கூடாது" என்றீர்கள். சரி, அண்ணன் சொல்லிக்கொள்வார் என்று பெட்டியைக் கட்டினேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்திருப்பார். அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை என்று உங்களுக்குத் தெரியாதா? ஆளாளுக்கு மற்றவர் சொல்லியிருப்பார் என்று நினைத்து ஒரு ஆயுசையே ஓட்டிவிட்டோம்.

கை விஷயமும் எழுதிவிடுகிறேன். மடியில் கல்லை எடுத்த இடம் கரடுமுரடாக நின்றது. அதற்கு அடியில் இருந்த கல்லில்தான் கை செதுக்க வேண்டியிருந்தது. நீங்கள் ஊரில் இல்லை. எதிரில் ஒரு கை இல்லாமல் அவருக்கு வேலை ஓடாது. அதே முக்காலியில் என்னை உட்கார வைத்தார். "உன் அண்ணி மனசு சரியில்லேன்னா கைய எப்படி வச்சிருப்பா, சொல்லு" என்றார். எனக்குத் தெரியும். கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் மூடிக்கொள்வீர்கள், சின்னப் பிள்ளை காசை மறைக்கிற மாதிரி. அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடுநடுவே "இன்னும் கொஞ்சம் அவளா இரு" என்பார். அந்த வருஷம் முழுக்க நான் என்னாலான மட்டும் நீங்களாக இருந்தேன்.

சுண்டுவிரல் மட்டும் ஒத்துழைக்கவில்லை. சின்ன வயதில் அண்ணன் அலமாரிக் கதவைச் சாத்தி நசுக்கிய விரல் அது, மடங்காது. "அண்ணிக்கு இப்படி இல்லையே, மடக்கிச் செதுக்கிடு" என்று நானே கெஞ்சினேன். "இருக்கறதை இல்லேன்னு செதுக்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு இருந்ததைச் செதுக்கினார். அந்தப் பிடிவாதத்துக்கு நாம் இருவரும் கொடுத்த விலை பெரிது.

விரலை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். எனக்கு இனி அதில் வழக்கு இல்லை.

குருவி


மார்ச் 21

அண்ணி,

பதில் இல்லை. மாதக் கடைசியும் போய்விட்டது. விரல் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எழுதியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. எத்தனையோ வருஷம் பொத்தி வைத்ததை ஒரு ஆத்திரத்தில் கொட்டிவிட்டேன். தனியாக இருக்கிறீர்கள். படித்த அன்று பக்கத்தில் யார் இருந்தார்களோ.

ஒரு வரி போதும். திட்டியாவது எழுதுங்கள். நீங்கள் திட்டி எழுதினால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன்.

குருவி


ஏப்ரல் 8

அன்புள்ள குருவி,

உயிரோடுதான் இருக்கிறேன். திட்டுவதற்கும் தெம்பு இருக்கிறது. ஆனால் திட்ட வேண்டிய ஆள் நீ இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் இடுகாட்டுக்குப் போனேன். அந்தக் கல்லை எனக்கு நன்றாகத் தெரியும். போகும்போதெல்லாம் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் அண்ணன் கூடவே வருவார், கொஞ்சம் தள்ளி நிற்பார். ஒரு நாளாவது, "அது நான் வச்சதுடி" என்று அந்த மனுஷன் சொல்லவில்லையே குருவி. நானும் ஒரு நாளாவது, இது யார் வைத்தது என்று கேட்கவில்லையே.

இடுகாட்டுக் காவல்காரரைக் கூப்பிட்டு, இதைக் கொஞ்சம் புரட்ட வேண்டும் என்றேன். கடப்பாரை கொண்டுவந்தார். மண்ணுக்குள் இருந்த பக்கம் மேலே வந்தது. துடைத்துப் பார்த்தேன். ஓரம் முழுக்க வரிசையாக அரைத் துளைகள், நீ எழுதியிருந்தபடியே. என் விரலை ஒவ்வொன்றிலும் விட்டுப் பார்த்தேன். காவல்காரர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எனக்கு அழ இடம் விட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். பிள்ளையின் முகம் பார்ப்பதற்கு முன்னால், அதன் கைகால் செதுக்குவதற்கு முன்னால், நான் தினமும் தடவிப் பார்த்தேனே, அந்தக் கல்லைத்தான் இத்தனை வருஷமும் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு எழுத வரவில்லை. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

நடுவில் கல் வைத்தியர் வீட்டுக்கே வந்துவிட்டாள். சளி சரியாகிவிட்டதா என்று பார்க்க வந்தாளாம். அது என் கை இல்லை என்று அவளிடம் சொன்னேன். யார் கை என்றும் சொன்னேன். அவள் வருத்தப்படவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உன் கை இப்போது எப்படி இருக்கிறது என்றும் சொன்னேன். அப்படியானால் அச்சு எடுக்க ஆளே இல்லையே என்றாள். கல்லும் கிடைக்கவில்லை என்றாள். அந்தக் குவாரியை மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, வேறு கல்லில் செய்தால் வெள்ளை ஒத்துப்போகாமல் ஒட்டுப் போட்டது போலத் தெரியுமாம்.

நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். பிறகு, அதே கல் என்னிடம் இருக்கிறது, என்னோடு வா என்றேன்.

இடுகாட்டுக் கல்லின் அடிப்பக்கத்திலிருந்து, மண்ணுக்குள் போகிற ஓரத்திலிருந்து, ஒரு விரல் நீளத்துக்கு எடுத்தாள். எடுப்பதற்கு முன்னால் நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா என்று இரண்டு தடவை கேட்டாள். யோசித்துத்தான் சொன்னேன். எடுத்த பிறகு கல்லைப் பழையபடி வைத்து நானே மண்ணைத் தள்ளினேன்.

அடுத்து வடிவம். முதலில் மெழுகில் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். இப்படி இல்லை, இரண்டாவது கணுவில் வெளிப்பக்கமாகச் சாயும். நகம் கொஞ்சம் சின்னது. நுனி லேசாக மேலே பார்க்கும், யாரையோ கூப்பிடுகிற மாதிரி. அழித்து அழித்துச் செய்தாள். "எப்படிம்மா இவ்வளவு துல்லியமா ஞாபகம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். வரி கட்டப் போகும்போதெல்லாம் அந்த விரலுக்கு எதிரில்தானே வரிசையில் நின்றேன்? "திட்டிக்கிட்டே பாத்தேம்மா. அன்பா பாத்திருந்தா மறந்துபோயிருக்கும்" என்றேன்.

நேற்று விரலைப் பொருத்தினார்கள். ஒட்டு எங்கே என்று தெரியவில்லை. புதுப் பலகைக்கு என்ன எழுதுவது என்று காப்பாட்சியர் கேட்டார். முகம் சிற்பியின் மனைவி, கை சிற்பியின் தங்கை, மடி சிற்பியின் பிள்ளைக்கு விட்டது என்று எழுதச் சொன்னேன். மடியைப் பற்றி எழுத வேண்டுமா என்று இழுத்தார். அதுதான் சிலை, மற்றதெல்லாம் அதைச் சுற்றி இருப்பது என்றேன்.

என் பிள்ளையின் கல்லில் உன் கை என்று அன்றைக்கு உன்னைத் துரத்தினேன். அன்று அது உண்மை இல்லை. நேற்றுதான் உண்மையாயிற்று. நானே பக்கத்தில் உட்கார்ந்து, கல்லையும் கொடுத்து, உன் விரலைச் செய்ய வைத்திருக்கிறேன். பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு மனசு ஆறிப்போயிருந்தது.

உன் விரல் வந்து சேர்ந்துவிட்டது. மீதி எப்போது வருகிறது?

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணி,

மீதி வருகிற வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறது. முட்டி வலி உள்ள சரக்கு, பார்த்து இறக்குங்கள். இன்னொரு விரல் போனால் கல் வைத்தியரால் ஆகாது.

முதலில் பிள்ளையிடம் போவோம். அதைத் துணியில் சுற்றிய கை இது, கல் வைத்த நாளுக்குப் பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. சிலையை அப்புறம் பார்க்கலாம். அது எங்கேயும் ஓடிவிடாது, காத்திருந்து பழக்கப்பட்டது. அதற்கும் பிறகு உங்கள் வீட்டில் கை நனைக்கிறேன்.

ஒரு கவலை. கடைசியாக நேருக்கு நேர் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ரயில் நிலையத்துக் கூட்டத்தில் என்னை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று யோசித்தேன். அந்த முக்காலியில் பிடித்துக்கொண்ட பழக்கம் இன்னும் என்னை விடவில்லை அண்ணி. மனசு படபடத்தால் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொள்கிறேன்.

அன்றைக்கு எனக்குப் படபடப்பாகத்தான் இருக்கும். உங்களுக்கும் இருக்கும். கட்டைவிரலை மூடிக்கொண்டு நிற்கிற கிழவியைத் தேடுங்கள். நானும் அப்படித்தான் தேடுவேன்.

உங்கள்
குருவி